ஏணியைப் பிடித்தவள்

மார்ச் 4

புரூஃப் அம்மாவுக்கு,

நாம் பிரிந்து ஒன்பது வருஷம் ஆனபிறகு முதல் கடிதம், அதுவும் பார்சலோடு வருகிறது. பயப்படாதே. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த கதையை நாற்பதே நாளில் எழுதி முடித்துவிட்டேன்! அடுத்த மாதம் அச்சுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்தில் புரூஃப் திருத்திய உன்னைவிடக் கறாராகப் பிழை பார்ப்பவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. பதினான்காம் அத்தியாயத்தில் நீ வருகிறாய். உன் சம்மதமில்லாமல் அச்சேற்ற மாட்டேன்.

லிஃப்ட்காரன்

மார்ச் 19

லிஃப்ட்காரருக்கு,

படித்தேன். எழுத்துப்பிழை குறைவு, மற்ற பிழைதான் அதிகம். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்கு முப்பது பக்கம். கிரீஸ் வாசனைகூட அடிக்கிறது, சபாஷ். நம் இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்துக்கு அரைப் பக்கம். அதிலும், நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது நான் பெட்டியோடு கிளம்பிவிட்டேனாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களே!

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "நான் போறேங்க" என்றேன். "இரு, இந்த ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டு வரேன். ஏணியைப் பிடி" என்றீர்கள். பிடித்தேன். வேலை முடிந்ததும் போனேன்.

இது இல்லாமல் என் சம்மதம் கிடையாது. நாற்பது நாளில் வாழ்க்கையை எழுத என்ன, ரயிலா பிடிக்கப் போகிறீர்கள்? உட்கார்ந்து திரும்ப எழுதுங்கள்.

பு.அம்மா

மார்ச் 25

அப்படி எதுவும் நடக்கவே இல்லை. உனக்கு ஞாபகம் பிசகுகிறது.

லி.

ஜூலை 8

புரூஃப் அம்மாவுக்கு,

கோபம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. ஒரு லிஃப்ட் நின்றுவிட்டால் முதலில் உள்ளே மாட்டிக்கொண்டவரிடம்தான் கேட்பேன், "என்ன சத்தம் கேட்டுச்சு, எப்ப ஆடுச்சு?" என்று. பிறகுதான் மோட்டாரில் கை வைப்பேன். இந்தப் புத்தகத்தில் உள்ளே இருந்தவளை நான் கேட்கவே இல்லை.

பதினான்காம் அத்தியாயத்தை ஒன்பது தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் உன்னோடு வாதாடினேன். அடுத்த நான்கில் ஒரே புலம்பல். எட்டாவதில் நான் நல்லவனாகிவிட்டேன், அதையும் கிழித்துப் போட்டேன். ஒன்பதாவதில் ஏணி மட்டும் இருக்கிறது. அச்சகக்காரர் போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்துவிட்டார்.

அன்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அதனால்தான் டைட்டான ஸ்க்ரூவையே திருகிக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால் இறங்கி வந்து பதில் சொல்லவேண்டும். அதற்குப் பயம். இதையும் எழுதி, அத்தியாயத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

லிஃப்ட்காரன்

ஜூலை 17

லிஃப்ட்காரருக்கு,

படித்துவிட்டு அழுதேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிழை பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான். "ஐந்து நிமிஷம் பிடித்திருந்தாள்" என்று இருக்கிறது. இருபது நிமிஷம். கை கடுத்தது எனக்கு. திருத்திவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கலாம்.

இங்கே ஹால் ஃபேன் ஒரு மாதமாகக் கடகடவென்கிறது. பழுது பார்க்க இந்தத் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஏணி இருக்கிறது, நானே பிடித்துக்கொள்கிறேன்.

நடுவில் ஒரு தடவையாவது கீழே பாருங்கள்.

பு.அம்மா