ஆமை பார்க்கப் போவதா, வேண்டாமா

ஜூன் 10, செவ்வாய்

அந்த ஆமைக் காப்பகத்தில் யாரும் ஆமைகளைக் காப்பாற்றுவதில்லை. ஆமைகளைக் காட்டிப் பிழைக்கிறார்கள்.

இன்று மகேஸ்வரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி நாடு முழுக்கச் சுற்றிக் காட்டுபவர். அலுவிகாரையில் நான் விளக்கம் சொல்லி மூலிகை எண்ணெய் விற்கும் ஸ்பைஸ் கார்டனுக்கும் அவர்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். அவர்கள் கறுவாப்பட்டையை முகர்ந்து கொண்டிருந்த நேரத்தில் கேட்டேன்.

"அண்ணே, புள்ளைங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி இடமா அது?"

"ஏன் தங்கச்சி, தாராளமாப் போகலாம். எந்த நேரம் போனாலும் குஞ்சு இருக்கும்."

"எந்த நேரமும் எப்படி இருக்கும்? பொரிச்ச உடனே கடலுக்கு ஓடணுமே?"

"ஓட விட்டாத்தானே! தொட்டியில போட்டு வச்சிருப்பாங்க. நாலு நாள், அஞ்சு நாள். வெள்ளக்காரன் பகல்ல வர்றான். குஞ்சு ராவோட ராவாப் போயிட்டா அவனுக்கு எதக் காட்டுறது?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் போனில் தேடி வாசித்தேன். முதல் நாள் உடம்பில் இருக்கும் பலம் முழுவதும் ஆழக்கடலை எட்டுவதற்கானதாம். தொட்டியைச் சுற்றியே அது தீர்ந்துவிட்டால், கடலில் விடும்போது மீனுக்கு இரைதான். படம் எடுத்தவன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவான்.

ஜூன் 11

வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஓகஸ்ட் லீவுக்குக் கடலும் ஆமையும் காட்டுவதாகப் பேரப்பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஹுஸ்னி காலண்டரில் நாள் வெட்டுகிறான்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்த கையோடு, எல்லோர் முன்னாலும். அது பிழை. பிள்ளைகள் படுத்த பிறகு சொல்லியிருக்கலாம்.

ஸக்கியா அழுதாள். அவளுக்கு ஆறு வயது, அழட்டும். ஒன்பது வயது ஹுஸ்னி அழவில்லை, என்னை முறைத்தான். அவன் வகுப்பில் ஒருவன் உள்ளங்கையில் ஆமைக்குஞ்சோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான்.

"பல்லேகமப் பக்கம் போவோம். ஆறு இருக்கு, மயில் பாக்கலாம்" என்றேன்.

"மயில் நம்ம கூரையிலயும்தான் ஏறுது சாச்சி."

வாப்பா பீங்கானை வழித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் மகள், நீங்க தோட்டத்துல காட்டுறதெல்லாம் உண்மையா?"

"ஆமை மாதிரி எண்ணெய்க்கு உயிர் இல்ல வாப்பா."

"அது சரி" என்று சிரித்தார். அதற்குப் பிறகு, "அப்ப எப்பதான் போற?" என்றார்.

டிசம்பரில் நல்ல இடமாகத் தேடிப் போகலாம் என்றேன்.

"டிசம்பரா?" என்றார். கை கழுவப் போகும்போது இன்னொரு தடவை, "டிசம்பர்..." என்றார்.

பிள்ளைகளின் உம்மா, என் ராத்தா ஜெஸ்லா, குவைத்தில் இன்னொருத்தியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கொண்டிருக்கிறாள். நாலு வருடமாகிறது. அவள் கூட்டிப் போக வேண்டிய பயணத்துக்கு வாப்பா வேன் பேசுகிறார். நான் தடுக்கிறேன். இந்த நாட்டில் ஒரு குடும்பம் கடல் பார்க்க இத்தனை பேர் இத்தனை இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நான் சொன்னது சரி. சரியா? சரிதான்.

ஜூன் 29, ஞாயிறு

வாப்பா கிளினிக் போகிறேன் என்று வெள்ளிக்கிழமை கிளம்பினாராம். இப்போதுதான் கேள்விப்பட்டேன். கூடப் போக நான் எப்போது கேட்டாலும், "நான் என்ன புள்ளயா?" என்பார்.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, பதினைந்து வருடமாக. யட்டவத்தை வாரச் சந்தையில், பொலவில், உடுக்கிற சாரம் விற்றவர். போன வருடம் ஒருவருக்கு நீலச் சாரம் என்று கறுப்பை மடித்துக் கொடுத்தார். அந்த ஆள் திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டான். அதோடு வாப்பா பொலவுக்குப் போவதை விட்டுவிட்டார். கண்ணுக்கு லேசர் அடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் திகதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 13

வாப்பா கோப்பைக்கு வெளியே தேத்தண்ணி ஊற்றினார். ஸக்கியா சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஜூலை 24, வியாழன்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலையில் வாப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "மகள், லைட்டப் போடுங்க" என்றார். லைட் எரிந்து கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு என்னைத்தான் கேட்டாள். மூன்று திகதி. மூன்றுக்கும் வரவில்லை. வலது கண்ணுக்குள் இரத்தக் குழாய் உடைந்திருக்கிறதாம். இடது முதலே போய்விட்டதாம். நேரத்துக்கு லேசர் அடித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இனி நிழல் தெரியலாம் என்றாள்.

"கிளினிக் போறேன்னு எங்க வாப்பா போனீங்க?"

"பள்ளிவாசல்ல இருந்தேன்."

"ஏன் வாப்பா? ஏன்?"

வீட்டுக்கு வந்து தலையணை உறையைக் கழற்றியபோது பதில் கிடைத்தது. சின்ன பிரவுண் போத்தல். எங்கள் தோட்டத்துப் பதினாலாம் நம்பர் எண்ணெய். பெருநாளைக்கு முதலாளி ஊழியர்களுக்குக் கொடுத்த பெட்டியில் வந்தது. அடியில் ஒரு சொட்டு மிச்சம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பாடமாக்கினேன். "பதினாலாம் நம்பர், கண் நரம்புகளுக்கு. இரவில் இமையில் மூன்று சொட்டு, உச்சியில் மூன்று சொட்டு. மூன்று மாதத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடலாம்." முதலில் தமிழில், பிறகு இங்கிலீசில். பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக் காட்டி விளையாடுவார்கள். வாப்பா அதைக் கேட்டு விளையாடவில்லை. நம்பியிருக்கிறார்.

"லேசர்னா கண்ணச் சுட்டுருவாங்கன்னு செல்றாங்க" என்றார். "நீங்க செல்ற மாதிரி மூணு மாசம் போட்டுப் பாத்தேன் மகள். டிசம்பருக்குள்ள தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

எண்ணெய்க்கு உயிர் இல்லை என்று நான்தான் சொன்னேன்.

ஜூலை 25

ராத்தா போனில் திட்டவே இல்லை. "நீ எப்பவும் சரியாத்தான் செல்வ ஆதிபா" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டாள்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வாப்பா மகேஸ்வரனிடம் வேன் பேசச் சொல்கிறார். அதே இடத்துக்கு.

"உங்களுக்கு அங்க என்ன வாப்பா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"பாக்க ஏலாதுதான். புள்ளைகளுக்குக் குடுத்த வாக்கு ஈக்குதே."

நான் சேகரித்து வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கின்றன. ஒன்றும் பொய்யாகவில்லை. என்றாலும் மகேஸ்வரனுக்குப் போன் எடுத்து வேன் பேசினேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

சுபஹுத் தொழுகைக்கு முன்பே கிளம்பினோம். வழியில் ஒரு பெட்ரோல் ஷெட்டில் நிறுத்தி, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். மகேஸ்வரன் பாட்டுப் போட்டார், யாரும் பாடாததால் நிறுத்திவிட்டார்.

அந்த இடம் நான் நினைத்ததைவிடச் சின்னது. தகரக் கூரை, சீமெந்துத் தொட்டிகள், ஊத்தை மணம். ஒரு தொட்டியில் துடுப்பில்லாத பெரிய ஆமை ஒன்று ஒரே மூலையில் முட்டிக்கொண்டிருந்தது. விளக்கம் சொன்ன பெண்ணுக்கு என் வயதிருக்கும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினாள். எனக்கு அந்தக் குரல் தெரியும்.

தொடக் கூடாது என்று மூன்று பாஷையில் பலகை இருக்கிறது. அதற்குக் கீழேயே நின்று அவள் ஒரு குஞ்சை எடுத்து ஹுஸ்னியின் கையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஹுஸ்னி படமெடுக்கக்கூட நிற்காமல் நேரே வாப்பாவிடம் போனான்.

"கைய விரிங்க மூத்தாப்பா."

வாப்பா இரண்டு கையையும் சேர்த்து, துஆ கேட்பது போல விரித்தார். நான் எந்தத் தொடுதலை எதிர்த்தேனோ, அதைத் தவிர அவர் பார்க்க வேறு வழி மிச்சமில்லை. பெருவிரலால் ஓட்டைத் தடவினார். தலையைத் தேடினார். ஒவ்வொரு துடுப்பாக எண்ணினார்.

"அசையுதில்லயே. தூங்குதா?"

"ஆமா, தூங்குது" என்றாள் ஸக்கியா.

அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் கேட்டேன், தொட்டியில் எத்தனை நாளாக இருக்கிறது என்று. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாப்பாவின் கண்களைப் பார்த்தாள். "ஆறு நாள், நங்கி" என்றாள் மெதுவாக, தங்கையிடம் சொல்வது போல. உண்மையைச் சொன்னாள். நான் எந்த வெள்ளைக்காரிக்கும் அப்படிச் சொன்னதில்லை.

கடல் ஓரத்தில் விட்டோம். முதல் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து மணலில் போட்டது. இரண்டாவது அலை எடுத்துக்கொண்டது.

"போயிட்டுதா?" என்றார் வாப்பா.

"நீந்திப் போகுது மூத்தாப்பா, வேகமா" என்றான் ஹுஸ்னி. அவனுக்கும் பொய் சொல்ல வருகிறது.

போகத் தகுந்த இடமா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். வாப்பாவுக்குக் கண் தெரிந்தபோதே, ஜூனிலேயே போயிருக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

ஓகஸ்ட் 11, திங்கள்

வேலைக்குப் போனேன். முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். பதினாலாம் நம்பரை அலுமாரியிலிருந்து எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் விளக்கத்தில் இருக்கும் கண் என்ற வார்த்தையையாவது எடுங்கள். வாப்பாவின் பெயரை எழுதினேன். ஜைனுதீன், வயது அறுபத்தாறு. என் பெயரும் கையெழுத்தும் போட்டேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

கடிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் முதலாளியின் தேத்தண்ணிக் கோப்பை. நாளைக்கு இரண்டு பஸ் ஆட்கள் வருகிறார்களாம்.