மூக்கு வைத்த பூ

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நேற்று தெரிந்துகொண்டேன்.

மாடியில் இருக்கும் தையல்காரி ஒரு திரைச்சீலையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள், என்னைக் கூப்பிட்டு, "இது உங்க வீட்டுத் துணி மாதிரியே இருக்கே, கடையில வாங்கினது" என்றாள். நீலத்தில் வெள்ளைப் பூ. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, உருக்கிய மெழுகில் தோய்த்து ஒற்றி, பிறகு சாயத்தில் முக்குவோமே, அதே ஐந்து இதழ்ப் பூ. ஓர் இதழில் புழு அரித்த வளைவு.

நினைவிருக்கிறதா? அந்தச் சொத்தைக் காயைத் தூக்கிப் போடச் சொன்னேன். பாப்பா விடவில்லை. பூவுக்கு மூக்கு இருக்கிறது என்று சொல்லி அவளே ஒற்றினாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வெளியூர் ஜவுளிக்காரர்களிடம் மாதிரி காட்ட என்று அந்தத் துணியைத்தான் பெட்டியில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

அதை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதினீர்கள். நானும் நம்பி, உங்களுக்காக வருத்தப்பட்டேன். என்னைப் போல ஏமாளி உண்டா!

காய் மெழுகுச் சூட்டில் சீக்கிரமே வெந்து துவண்டுவிடும். வேறு காய் நறுக்க வேண்டும். அதனால் நம் துணியில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி இருந்ததே இல்லை. அந்தத் திரைச்சீலையிலோ மேலிருந்து கீழ்வரை ஒரே மூக்கு, ஒரே இடத்தில். செம்பில் அச்சு செய்திருக்கிறார்கள். மாதிரியைக் கொடுத்தது யார் என்று நான் ஊரெல்லாம் விசாரிக்க வேண்டுமா?

ஈரம் போகாத காயை மெழுகில் வைத்து, அது தெறித்து என் மணிக்கட்டு பொரிந்தபோது மருந்து போட்டவர் நீங்கள்தான். விற்றது வலிக்கிறது. என்னிடமே மறைத்தது அதைவிட எரிகிறது.

பாப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்பா என் பூவை எல்லாருக்கும் குடுத்துட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தையல்காரியிடம் ஒரு வெட்டுத் துண்டு வாங்கித் தலையணையில் விரித்துப் படுக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த வீட்டில் உங்களுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே ஆளும் போய்விடும்.

இன்று இன்னொரு சொத்தைக் காயைத் தேடி எடுத்திருக்கிறாள். இதற்கு இரண்டு கண் இருக்கிறதாம், அப்பாவுக்கு அனுப்ப வேண்டுமாம். நான் அனுப்ப மாட்டேன். ஜன்னலில் வைத்திருக்கிறேன். அது காய்ந்து சுருங்குவதற்குள் நேரில் வந்து, அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா