பதினாறாம் கட்டிலுக்குத் துணையாள் மாற அனுமதி வேண்டி

அனுப்புநர்:
பதினாறாம் கட்டில் நோயாளியின் மனைவி,
நேரக் காப்பாளர், பேருந்துப் பணிமனை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய்ப் பிரிவு, பொது மருத்துவமனை.

பொருள்: என் துணையாள் சீட்டு ரத்தானது – வரும் செவ்வாய்க்கிழமை மருந்தேற்றம் தடைபடாமலிருக்க என் கொழுந்தனாரையும் அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மின்பணியாளரான என் கணவர் இருபத்து மூன்று நாட்களாகத் தங்கள் பிரிவில் சிகிச்சை பெறுகிறார். ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள், சீட்டில் உள்ள படத்துக்குரியவர் மட்டும், வீடு திரும்பும்வரை மாற்றம் இல்லை என்பது விதி. அந்தப் படம் என்னுடையது.

2. வேன் ஓட்டும் என் கொழுந்தனார் என்னை ஓர் இரவாவது வீட்டுக்கு அனுப்ப மூன்று முறை வந்தார். வாயில் காவலர் தன்மையாகவே பேசினார். "அண்ணே, போட்டோவுல இருக்கிறது அக்கா. நீங்க மீசையோட வந்து நிக்கிறீங்க. நான் என்னத்தச் சொல்லி உள்ள விடுறது?" அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

3. கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு. இருபது இரவுகள் அதில் உட்கார்ந்தபடி கழித்தேன். தரையில் படுக்க அனுமதி இல்லை. பதினான்காம் கட்டில்காரரின் மகள் பதினோரு நாட்களாகப் பல்வலியோடு இருக்கிறார். பல் மருத்துவர் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார். வெளியே போன நேரத்தில் அப்பாவுக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது என்று அவர் போகவில்லை.

4. சென்ற புதன்கிழமை காலை, செவிலியர் வைத்துச் சென்ற கிண்ணத்தில் என் கணவரின் வாந்தி மாத்திரை இருந்தது. அதன் பக்கத்தில் என் இரத்த அழுத்த மாத்திரையைப் பிரித்து வைத்தேன். இரண்டும் சிறியவை, வெள்ளை. என்னுடையதை அவருக்குக் கொடுத்துவிட்டு அவருடையதை நான் விழுங்கினேன். என் அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளில் நடுக்கோடு இருந்ததைப் பார்த்ததும், நான் விழுங்கியதில் அது இல்லை என்று தெரிந்தது. ஓடிப்போய் நானே செவிலியரிடம் சொன்னேன்.

5. அவருக்கு அழுத்தம் இறங்கியது. சலைன் ஏற்றினார்கள். நண்பகலில் சரியானது. தலைசுற்றலோடு என்னைப் பார்த்து, "உன் பிரஷர் மாத்திரையப் போட்டாச்சு. இனிமே வீட்டுல கத்துற உரிமை எனக்குத்தான்" என்றார். செவிலியரும் சிரித்துவிட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "உங்களக் குத்தம் சொல்லலக்கா. ஆனா எழுதாம விட முடியாது" என்றார். 'துணையாளின் அலட்சியம்' என்று பதிவாகி, அன்று மாலையே சீட்டு ரத்தானது.

6. ஏழு நாள் கழித்துத்தான் புதுச் சீட்டு தர முடியும் என்கிறார் பிரிவு எழுத்தர். அது புதன்கிழமை. மூன்றாம் மருந்தேற்றம் செவ்வாய்க்கிழமை. துணையாள் இல்லாமல் மருந்தேற்ற மாட்டார்கள். தவறினால் அடுத்த முறைக்கு இரண்டு வாரம் ஆகுமாம். அவர் உடல் அந்த இரண்டு வாரத்தைத் தாங்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமையைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

7. இப்போது பார்வையாளர் நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கிறேன். மதிய உணவு மூடி திறக்கப்படாமல் இருக்கிறது. பசிக்கவில்லை என்கிறார். எழுப்பி உட்கார்த்த ஆள் இல்லை என்பதை என்னிடம் சொல்ல மாட்டார்.

8. நடந்தது என் தவறு. பதிவை நீக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் ஐயா, எங்கள் பணிமனையில் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டியவரிடம் ஓய்வில்லாமல் மறுபடி சாவியைக் கொடுத்தால், என்னைத்தான் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். 'நான் நல்லாத்தான் இருக்கேம்மா' என்று எல்லா ஓட்டுநரும் சொல்வார்கள். பதினெட்டு வருடமாக நான் அதை நம்பியதில்லை. இங்கே நானே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

9. ஆகவே ஏழு நாள் விதியிலிருந்து ஒரு நாளைத் தளர்த்தி, என் படத்தோடு என் கொழுந்தனாரின் படத்தையும் ஒரே சீட்டில் ஒட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். உள்ளே ஒருவர்தான் இருப்போம். மற்ற பதினேழு கட்டில்களுக்கும் இதைப் பரிசீலித்தால் நல்லது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் வாயிலில் நிற்போம். எங்களில் யாரை உள்ளே விட்டாலும் சரி, மற்றவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: புற்றுநோய்ப் பிரிவு, வெளி வராந்தா

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பதினாறாம் கட்டில் நோயாளியின் மனைவி