பின்னால் வந்த கை

என்னங்க,

நான் மறந்துவிட்டு வந்த ஐடி கார்டை எடுத்துக்கொண்டு, காலையில் ஒரகடம் கம்பெனி பஸ் வரைக்கும் ஓடி வந்தீர்கள். பின்னாலிருந்து என் கழுத்தில் மாட்டப் போனீர்கள். நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு ரோட்டிலேயே குந்திவிட்டேன். பஸ்ஸே பார்த்தது. உங்கள் முகம் செத்துப்போனதை நானும் பார்த்தேன்.

"இன்னாடி, வூட்டுக்காரு கை நீட்றாரா?" என்று கம்பெனி லைனில் என் பக்கத்தில் வேலை செய்யும் ஜோதி கேட்டாள். இல்லை என்றால் வேறு யார் என்பாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். பழி உங்கள் மேல் விழுந்தது. உங்களை நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது.

நீங்கள் ஒருநாளும் கை நீட்டியதில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் என்னை அடித்த என் அப்பாவைத்தான் நீங்கள் வாய் நிறைய மாமா என்று கூப்பிடுகிறீர்கள்.

அடித்தது நீங்கள் இல்லை என்று ஜோதியிடம் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கார்டை இனிமேல் முன்னால் நின்று மாட்டிவிடுங்கள். கை கண்ணில் பட்டால் போதும், நான் குந்தமாட்டேன்.

உங்கள் மனைவி