பெரிய டயரும் கொள்ளிடக் கரை ஏற்றமும்

செல்வா,

சட்டியில் வஞ்சிரக் குழம்பு இருக்கிறது, சாப்பிடு. லாரிச் சாவியைத் தேடாதே. அது என் சட்டைப்பையில் சிதம்பரம் போகிறது.

தில்லைத் தேரே வெட்கப்படும் அளவுக்கு டயர் மாட்டியிருக்கிறாய். “பழசையே மாட்டுடா”ன்னு நேற்று நான் போட்ட சத்தம் கடலூர் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். “வெள்ளத்துல அது வேலைக்காவாதுப்பா”ன்னு நீ சொன்னதும் நியாயம்தான். போன மழையில் குமராட்சித் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றவன் நீ.

ஆனால் நேற்று நெல் மூட்டையோடு கொள்ளிடக் கரை ஏறும்போது வண்டி இழுக்காமல் பின்னால் உருண்டதே, உன் பக்கத்தில் என் மருமகள் உட்கார்ந்திருந்தாள். டயர் பெருத்தால் இழுவை குறையும். சரி, டயர் இருக்கட்டும். ஆக்சிலில் கிரவுன், பினியன் பல்சக்கரங்களை மாற்றிவிடுவோம். சிதம்பரம் கடையில் இரண்டு ஜோடி இருக்கிறதாம். ஒன்று பறக்கும். இன்னொன்று மலையையே இழுக்கும், ஆனால் வேகம் போகாது.

மெக்கானிக் லூர்துசாமி வந்தால் டீ கொடுத்து, ஆக்சிலைக் கழற்றச் சொல்.

அப்பா

பி.கு. இழுக்கிற ஜோடியைத்தான் வாங்கப்போகிறேன். இனி மாட்டுவண்டிகூட உன்னை முந்தும், முந்தட்டும். நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு தாமதமாக வந்தாலும் கதவு திறக்க நான் விழித்திருப்பேன்.