வெள்ளை ஒயினுக்கு வறுத்த மீன்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

இனிமேல் அவர் கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலில் வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறியே காலத்தைக் கழித்த என் வீட்டுக்காரர், கடைசிப் பயணத்தில் கொண்டுவந்த பிரெஞ்சு ஒயினைத் திறக்கச் சொன்னார்.

"கொடுவா மீன் வறு, மேரி. மிளகாத்தூள் போட்டா ஒயின் ருசி போயிடும். உப்பும் எலுமிச்சையும் போதும்."

திருத்தணி மார்க்கெட்டில் தேடி வாங்கி, மத்தியானம் வறுத்தேன். அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"நீ சாப்புடு. நான் பாத்துகினு இருக்கேன்."

டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். புளித்தது.

"மீனைத் தின்னுட்டுக் குடி."

குடித்தேன். புளிப்பு அடங்கி, இதமாக இறங்கியது.

"எப்டி கீது?"

"நல்லாக்கீதுங்க."

"கப்பல்ல வெள்ளைக்காரங்களும் இதையேதான் சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சம் வைக்காமல், அழாமல், சாப்பிட்டு முடித்தேன்.