முன்னால் விழும் எலும்பு

செவ்வாய், ஜூலை 15

காலை முழுக்க மழை. கண்டிக்குள் பஸ் நகரவேயில்லை. மண்டபத்துக்குப் போய்ச் சேர ஒன்பதே முக்கால். சப்பாத்துக்குள் தண்ணீர்.

தமிழ்மொழிப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களுக்கான கற்பித்தல் சாதனப் போட்டி. நடுவர்கள் நானும் பாலேந்திரன் மாஸ்டரும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இரசாயனவியல். "உயிரியல் பக்கம் நீங்கள் சொல்லுறதுதான் ஹனீபா. நான் புள்ளியைக் கூட்டித் தாறன்" என்று முதலே கையைக் கழுவிவிட்டார். நான் ஆசிரிய ஆலோசகர். பதினொரு வருடமாக இந்த ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடத்துகிறவன். என்னை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பழகிவிட்டது.

தலைப்பு: வகைப்படுத்தல். முக்கால்வாசி வெறும் பிரிஸ்டல் போட் அட்டை, கலர் பென்சில். தேறியவை இரண்டு. இரண்டும் டைனோசர். வகைப்படுத்தலை டைனோசரில் தொடங்கினால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள் என்று செயலமர்வில் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

1. நஸீரா டீச்சர், பிலிமத்தலாவைப் பக்கம். பலகையில் சின்ன மின்குமிழ்கள். தாவர உண்ணியைத் தொட்டால் "பறவை இடுப்பு" என்று பச்சை, ஊன் உண்ணியைத் தொட்டால் "பல்லி இடுப்பு" என்று சிவப்பு. என் நோட்ஸ் அப்படியே.

2. செல்வராணி டீச்சர், கலஹாத் தோட்டப் பாடசாலை. எலும்புக்கூடு இரண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைச் சீவித் தேய்த்துச் செய்தது. ஒன்று முகத்தில் மூன்று கொம்பு உள்ளது. மற்றது நீள் கழுத்து. கழுத்தெலும்பு முழுக்க நூல் கட்டைகள். மண்டபத்தில் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

ஆனால் பிழை. டைனோசர் இடுப்பு இரண்டு வகை. இடுப்பிலிருந்து கீழே நீளும் பூப்பென்பு பின்னால் சாய்ந்திருந்தால் பறவை இடுப்பு, முன்னால் நீட்டியிருந்தால் பல்லி இடுப்பு. தாவர உண்ணி என்றால் பறவை இடுப்பு. என் நோட்ஸின் முதல் வரியே அதுதான். இவர் கொம்பனுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நீள் கழுத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

"டீச்சர், இந்த நீள் கழுத்து இலை தின்றதா, இறைச்சி தின்றதா?"

"இலைங்க சேர்."

"அப்ப இந்த எலும்பு ஏன் இப்பிடி?"

"அது வந்துங்க சேர்… நான் ஒரு படத்துல பாத்து…"

"போன்ல பாத்ததா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கையை விட்டு எலும்பைப் பின்னால் திருப்பினேன். கம்பி கிறீச்சிட்டது. "பிள்ளைகளுக்குக் காட்ட முதல் ஒழுங்கா ஒட்டுங்க டீச்சர்."

"சரிங்க சேர்."

தகவல் சரிநுட்பத்துக்கு இருபதுக்கு எட்டு போட்டேன். நஸீரா முதலாம் இடம், செல்வராணி இரண்டாம் இடம். மாகாணப் போட்டிக்கு முதலாம் இடம் மட்டும்தான் போகும். பாலேந்திரன், "கெட்டிக்காரி, பாவம்" என்றார். "கெட்டித்தனம் வேற, சரி வேற மாஸ்டர்" என்றேன். பெரிய வசனம் பேசியதாக நினைப்பு வேறு.

புதன், ஜூலை 16

தூறல். சப்பாத்து காயவில்லை.

நடுவர் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். செல்வராணியின் குறையை விளக்கமாக எழுத வேண்டும், நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று அலுமாரியிலிருந்து பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். பதினொரு வருடத்துக்கு முன் நோட்ஸ் தயாரித்த அதே புத்தகம்.

நீள் கழுத்தின் படம். பூப்பென்பு முன்னால்.

பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த படம். முன்னால். அதற்கடுத்தது. முன்னால்.

ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: "நீள் கழுத்து — இலை தின்றாலும் பல்லி இடுப்பு!!" இரண்டு ஆச்சரியக்குறி. அப்போது எனக்குத் தெரிந்திருக்கிறது! பிறகு ஏன் விட்டேன்? நோட்ஸ் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒரே பக்கம், இரண்டு நிரல். இந்தப் பக்கம் இலை, அந்தப் பக்கம் இறைச்சி. மூன்றாவது நிரலுக்குத் தாளில் இடமில்லை. ஞாபகம் வந்துவிட்டது. ஒரு தாளுக்குள் அடக்க வேண்டும் என்று நான்தான் வெட்டினேன். வெட்டியதை மறந்தேன். பிறகு வெட்டியதையே பதினொரு வருடம் படித்துக் கொடுத்தேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "என்ன வாப்பா, மூஞ்சி இப்பிடி? பிரஷர் மாத்திர போட்டீங்களா?"

போட்டேன் என்றேன். போடவில்லை.

வியாழன், ஜூலை 17

வெயில். அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள்:

— இரண்டாம் இடமும் ஒரு இடம்தான்.
— நஸீராவின் மின்குமிழ் வேலையும் நல்ல வேலை.
— எலும்பின் திசையில் உலகம் அழிந்துவிடாது.
— யாருக்கும் தெரியாது.

கடைசிச் சமாதானம்தான் விடமாட்டேன் என்கிறது.

பகலில் பாலேந்திரனுக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ ஹனீபா! நான் கெமிஸ்ட்ரிக்காரன். நீங்கள் சொன்னியள், நான் போட்டனான்."

"ஓம் மாஸ்டர். பிழை என்னுடையதுதான்."

"இனி விடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்?" பிறகு அவரே, "ஒண்டு சொல்லட்டே? அந்தக் கலஹாப் பிள்ளைக்கு வாற மாசம் நேர்முகமாம். இன்னும் ஆசிரிய உதவியாளர்தானே. மாகாணம் போன சான்றிதழ் ஒண்டு இருந்தால் நிரந்தரமாக்கேக்க உதவும் எண்டு அண்டைக்குச் சொன்னவ."

"ஏன் மாஸ்டர் என்னிட்ட சொல்லல?"

"உங்களிட்ட ஆர் என்னத்தைச் சொல்லுறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியல் திங்கள் பகல் மாகாணத்துக்குப் போகிறது.

வெள்ளி, ஜூலை 18

ஜும்ஆ. குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. முன்வரிசையில் இருந்தவரின் முதுகெலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கம்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் வட்டலப்பம். நஸீரா டீச்சர் மகனிடம் கொடுத்தனுப்பியதாம். ஒரு துண்டு: "சேர்ட நோட்ஸாலதான் சேர் எனக்கு முதலாம் இடம். துஆ செய்யுங்க."

வீட்டில் எல்லோரும் தின்றார்கள். மனைவி, "ஏலக்காய் பதமா இருக்கு, ஒரு துண்டு எடுங்களேன்" என்றாள். சீனி வருத்தம் என்றேன். "எப்ப இருந்து?" என்றாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"வேற எங்கயெல்லாம் அந்த நோட்ஸ் போயிருக்கு?"

இதைத்தான் நான் யோசிக்காமல் இருந்தேன். தாளெடுத்து எழுதினேன். கலகெதரப் பாடசாலைகள் மூன்று, பிலிமத்தலாவை இரண்டு, கலஹாப் பக்கம் ஐந்து, கண்டி நகரம் நாலு… பக்கம் நிறைந்தது. எழுதி முடிக்கவில்லை.

மனைவி வட்டலப்பப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்தாள். "சும்மா பாத்திரத்தத் திருப்பி அனுப்பேலா. என்னத்த வச்சி அனுப்புற?"

"நானே கொண்டுபோறேன்."

சனி, ஜூலை 19

திரும்பவும் மழை. காலையில் புதிய நோட்ஸ் எழுதினேன். இம்முறை ஒரு தாளுக்குள் அடக்கவில்லை.

பறவை இடுப்பு (பூப்பென்பு பின்னால்): முதுகில் தகடு நின்றவை. உடம்பில் கவசம் போர்த்தவை. முகத்தில் கொம்பு உள்ளவை. வாத்துவாய் உள்ளவை. கட்டைவிரலில் ஆணிபோல நகம் உள்ளவை. இவை எல்லாவற்றுக்கும் கீழ்த்தாடை நுனியில் தனியாக ஒரு எலும்பு, அதன்மேல்தான் அலகு. வேறெந்த டைனோசருக்கும் அந்த எலும்பு இல்லை. எல்லாம் இலை தின்றவை (தொடக்க காலத்துச் சிலவற்றில் சந்தேகம்).

பல்லி இடுப்பு (பூப்பென்பு முன்னால்): ஊன் உண்ணிகள். அவற்றோடு நீள் கழுத்துத் தாவர உண்ணிகளும். நீள் கழுத்தின் பற்கள் கரண்டி மாதிரி அல்லது பென்சில் மாதிரி. மென்று தின்னத் தெரியாது, பறித்து விழுங்கும்.

அதாவது, இரண்டு தாவர உண்ணிக் கூட்டம் தனித்தனியே இலைக்குப் பழகியிருக்கிறது. எதைத் தின்றது என்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. எலும்பைப் பார்க்க வேண்டும். செல்வராணி எலும்பைப் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்தேன்.

பிலிமத்தலாவை. பாத்திரத்துக்குள் பேரீச்சம்பழம், அதன்மேல் புதிய நோட்ஸ். நஸீரா டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சொன்னேன்.

"அல்லாஹ்! சேர், இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமா டீச்சர்."

"இப்ப வந்து பிழை எண்டு சொன்னா நான் என்ன செய்யுற? ஊரெல்லாம் சொல்லிட்டேன் சேர். ஸ்கூல்ல மாலை போட்டாங்க." கண்ணைத் துடைத்தார். பிறகு தாளை எடுத்து வாசித்தார். "அப்ப இந்தப் பறவைகள் எதிலிருந்து வந்த? பறவை இடுப்புலதானே?"

"இல்ல. அதுவும் பல்லி இடுப்புப் பக்கத்துல இருந்துதான்."

"போங்க சேர்!" அழுதுகொண்டே சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "கலஹா டீச்சரையே அனுப்புங்க. ஆனா என்ட பேரை நீங்கதான் எல்லாருக்கும் சரியாச் சொல்லணும். நான் பிழைவிட்டு எடுத்துட்டாங்க எண்டு கத போகக்கூடாது."

போகாது என்று சொன்னேன். போகாமல் நான் பார்க்க வேண்டும்.

திங்கள், ஜூலை 21

காலை எட்டரைக்கே அலுவலகம். போட்டிக்குப் பொறுப்பான அதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். பிழையை ஒப்புக்கொண்டு நான் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு "கமக் நே, கமக் நே" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. இரண்டு நடுவரும் கையெழுத்துப் போட்டால் பட்டியலை மாற்றலாம். பாலேந்திரன் பதினொரு மணிக்கு வந்து போட்டார். "எனக்கும் பங்கு இருக்குதுதானே" என்றார்.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: நடுவரின் அறிவுப் பிழை. முதலில் "தவறான விளங்கல்" என்று எழுதி வெட்டினேன். அது மழுப்பல்.

செல்வராணி டீச்சருக்குக் கோல் எடுக்க மூன்று முறை போனைத் தூக்கினேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னவன் இன்றைக்குக் காதுக்குள் சொல்வதா? நாளைக்கு நேரே.

செவ்வாய், ஜூலை 22

கலஹா பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். மலையெல்லாம் மூடுபனி. பக்கத்தில் ஒரு அம்மா, "பிள்ளைக்கு டவுன்ல சப்பாத்து வாங்குனா ஒரு மாசம் கூட தாங்கல" என்று யாருக்கோ போனில் சண்டை.

பாடசாலைக்கு ஏறும் படியிலேயே கேட்டுவிட்டது. தரம் எட்டு வகுப்பு, ஒரே குரலில்:

"தாவர உண்ணிகள் அனைத்தும் பறவை இடுப்பு உள்ளவை!"

என் வசனம். புள்ளி கமா மாறாமல். படியில் நின்றுவிட்டேன்.

செல்வராணி டீச்சர் ஓடி வந்தார். "வாங்க சேர், வாங்க! சொல்லாம கொள்ளாம… நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேங்க சேர். வந்து பாருங்க."

நீள் கழுத்து மேசைமேல். எலும்பு பின்னால். அடியில் பசை கட்டியாக உறைந்து கிடந்தது.

"திருப்பி வச்சா முன்னாலயே விழுந்துக்கிட்டு இருந்துச்சுங்க சேர். முன்னால இருக்கட்டும்னுதானே அந்தக் குச்சியச் சீவியிருந்தேன். அதான் நல்லா பசை போட்டுட்டேன்."

சொன்னேன். வகுப்புக்கு முன்னாலேயே, நின்றபடி. டீச்சர் செய்ததுதான் சரி, நான் சொன்னது பிழை, மாகாணத்துக்கு டீச்சர்தான் போகிறார், என்னை மன்னிக்க வேண்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியுங்க சேர்."

"தெரியுமா?"

"வீட்டுக்கு வந்து திரும்பவும் பாத்தேன். நான் செஞ்சதுதான் சரின்னு இருந்துச்சு. ஆனா நீங்களே அப்பிடிச் சொல்லும்போது… நம்மளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேங்க சேர்."

எலும்பைப் பிடித்து ஆட்டினேன். பசை விடவில்லை. குச்சி பிளந்தது. "ஐயோ" என்றேன். "விடுங்க சேர், தோட்டத்துல குச்சிக்கா பஞ்சம்" என்றார். சிரிக்கவில்லை.

பிறகு கொப்பிகள். அலுவலக வழக்கப்படி, வெட்டினால் வெட்டிய இடத்தில் கையெழுத்து வேண்டும். சிவப்புப் பேனையால் ஒவ்வொரு கொப்பியிலும் என் வசனத்தை வெட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். கை வலித்தது. வலிக்கட்டும்.

கடைசியில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை. பெயர் அட்டையில்: சி. தர்ஷிகா. அவள் கொப்பியில் வெட்ட ஒன்றுமில்லை. "நீள் கழுத்து: பல்லி இடுப்பு. எலும்பு முன்னால்" என்று மணியான எழுத்து. அதன்மேல் பிழையென்று பெரிதாக ஒரு சிவப்புப் புள்ளடி.

"இது யார் போட்டது, மகள்?"

"மிஸ்தான் சேர். நான் மிஸ் முதல்ல சொன்னதையே எழுதிட்டேன். நேத்து மிஸ் பிழை போட்டாங்க. திரும்ப எழுதச் சொன்னாங்க. நான் இன்னும் எழுதல சேர்."

செல்வராணி டீச்சரைப் பார்த்தேன். அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. பேனையை நீட்டினேன், வாங்கவில்லை. நானே புள்ளடியை வெட்டி, சரி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

"அப்ப சரியாங்க சேர்?"

"சரி மகள்."

"நேத்தும் சரியா?"

"நேத்தும் சரிதான்."

அவள் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு, திரும்பி மிஸ்ஸைப் பார்த்தாள்.